பதினோராவது பிரதர்

மடத்தில் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பதினொரு பிரதர்களில் பத்துப் பேர் தரைக்கு ஒரு சாண் மேலேதான் நடந்தார்கள். துறவு அங்கி உடுத்திய சில வாரங்களிலேயே அங்கே கால் எழும்பிவிடும். ஓராண்டு முடிந்தும் எழும்பாதவர்களை ஒரு வார்த்தை குறை சொல்லாமல், வயிறாரச் சாப்பாடு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மடத்தில் யாருக்கும் செருப்பு தேய்வதில்லை; வாசல் நிலையில் நெற்றி இடித்துக்கொள்வதுதான் ஒரே தொல்லை.

ஆண்டு முடிந்து வீட்டார் பார்க்க வரும் நாளில் இஸ்திரிக்கடைக்காரம்மாவும் மகளும் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். பதினோராவது ஆள் அவளுடைய மகன். அவனைக் கையோடு கூட்டிவர, அவன் பழைய சட்டையை இரண்டு முறை தேய்த்துப் பையில் வைத்திருந்தாள். அவன் போனதிலிருந்து கடையில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்து அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

மகளோ சீட்டில் உட்காரவே இல்லை. “அம்மா, அண்ணன் எவ்வளவு உயரத்துல நிப்பான்? நான் காலுக்கடியில கைய விட்டுப் பாப்பேன்!”

“வாய மூடு. அவன் தரையிலதான் நிப்பான். நான் பெத்த புள்ள, எனக்குத் தெரியாதா?”

மடத்து முற்றத்தில் ஒரே ஆரவாரம். பிள்ளைகள் மிதந்தபடி ஓடிவர, ஒரு தபால்காரர் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்து, “அதோ, அது என் பையன்!” என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே தொப் தொப்பென்று காலடி கேட்டது. மகன் நடந்து வந்தான். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அவனைக் கட்டிக்கொண்டபோது அவள் கை தானாக அங்கிப் பைக்குள் போனது. துணியைத் தேய்க்குமுன் பையைத் துழாவுவது இருபது வருடத் தொழில் பழக்கம். ஒரு கூழாங்கல் வந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கல்லுக்கும் அவன் விரற்கடை விரற்கடையாக மேலே போனான்.

“என்னடா இதெல்லாம்?”

“மூணாவது வாரத்திலேருந்து போட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன். நீ தனியா அந்த இஸ்திரிப் பெட்டியத் தூக்குறியே. இன்னிக்கு ஒருநாள் போச்சுன்னா வீட்டுக்கு வந்துடலாம்.”

எடுத்த கற்களைத் திரும்பப் போட்டிருந்தால் அவன் அன்று மாலையே அவளோடு பஸ் ஏறியிருப்பான். அவளும் கையிலிருந்த கல்லை அங்கிப் பையின் வாய்வரை கொண்டுபோனாள். “பையில கண்டதையும் வச்சுட்டுக் குடுக்குறவங்கள நான் எத்தன பேர திட்டியிருக்கேன்! என் வீட்டுலயேவா?” என்று சத்தம் போட்டுக்கொண்டே கடைசிக் கல்லையும் எடுத்துப் பூச்செடிக்குள் வீசினாள்.

ஓராண்டு அடக்கிவைத்த உயரமெல்லாம் சேர்ந்து அவன் மற்ற பத்துப் பேரையும் தாண்டி மூன்று முழம் போனான். தங்கை, “அண்ணா! அண்ணா!” என்று குதித்துக் குதித்து அவன் பாதத்தைத் தொட்டாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த ஆண்டிலிருந்து அவள் அவனைப் பார்க்க வரும்போது ஒரு முக்காலியும் கொண்டுவந்தாள். அவள் ஏறி நின்று, அவனும் குனிந்தால்தான் கன்னம் எட்டும். மடத்துக்குப் போகும் அந்தப் பஸ்ஸில் முக்காலியோடு ஏறுகிறவர்களை எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.