இன்னைக்கு மட்டும்

தம்பிக்கு அது கடைசி வாய்ப்பு. இந்தப் பரீட்சையிலும் கோட்டைவிட்டால் பல்கலைக்கழகத்தில் பேரை அடித்துவிடுவார்கள். படிக்க உட்கார்ந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது என்று அவனே அழுதான். அவனே ஒரு பூட்டுச் செயலியும் போட்டான். வீடியோ, விளையாட்டு எல்லாம் சாயங்காலத்தோடு நின்றுவிடும். மேலே வேண்டுமென்றால் அம்மாவின் போனுக்கு வரும் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் தினம் மாறும்.

"கால்ல விழுந்து கெஞ்சினாலும் குடுக்காதம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் விடுதிக்குப் பஸ் ஏறினான்.

மறுநாளே கூப்பிட்டான். நாங்கள் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்காத மகராசன்! அம்மாவுக்கு வாயெல்லாம் பல். சாப்பாடு, இருமல், துவைக்காத போர்வை என்று ஒன்றுவிடாமல் விசாரித்தாள். பிள்ளையும் பொறுமையாகப் பதில் சொன்னான். கடைசியில், "இன்னைக்கு மட்டும்மா" என்றான். அம்மா எண்ணைச் சொல்லிவிட்டாள்.

தினமும் இதே கூத்துதான். சாயங்காலம் ஆனால் போதும், போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் படிப்புல நீயே மண்ணள்ளிப் போடுறியே, தெரியுதா?"

"தெரியுதுடி. குடுக்கலேன்னா நாளைக்குக் கூப்பிட மாட்டான்."

ஆனாலும் அந்த எண் என் போனுக்கு வரும்படி மாற்றினேன். அன்று கூப்பிட்டவனிடம், "அக்காகிட்ட கேளுடா" என்றாள் அம்மா. பட்டென்று வைத்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. அதன்பிறகு அம்மாவையும் கூப்பிடவில்லை. யாரிடமோ பழைய போன் ஒன்றை வாங்கிக்கொண்டானாம், பிறகுதான் தெரிந்தது.

பரீட்சை முடிவு வந்த வாரம் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். பேரை அடித்துவிட்டார்கள்.

இப்போது உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான், கையில் அந்தப் பழைய போனோடு. அம்மா தட்டை வைத்துவிட்டு அங்கேயே நிற்பாள். "ஏதாவது பேசுடா" என்பாள். "ம்" என்பான், திரும்பாமல். எனக்கு அவனை அடிக்கவும் கை வரவில்லை, அழவும் வரவில்லை.

நேற்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பூட்டை அவன் போன்ல மறுபடி போட்டுவிடேன்டி. நம்பர் கேக்கவாவது எங்கிட்ட வருவான்."