சாக மறுத்த ட்ரைவ்கள்

மனுவேல் துடுப்போடு கடைக்குள் நுழைந்தபோது ஷிம்லா ஒரு லப்டொப்பின் அடிப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் வந்து, இறங்கிய கையோடு கற்பிட்டி பஸாருக்குள் நடந்து வந்திருந்தான்; முழங்கால் வரை ஈரம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அவளுடைய புருஷன் பாயிஸின் தோளில் முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க பாயிஸ் வலக்கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் ஷிம்லாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எவ்வளவுடா வாங்கின? என்ட தம்பிட ரத்தத்துக்கு எவ்வளவு வாங்கின?"

மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது ஷிம்லா மேசையில் ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டாள். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறிய உதறலில் கண்ணாடி அலுமாரியில் போய் மோதினாள். முதுகில் கண்ணாடி குத்தியது. அப்போதும் பிடியை விடவில்லை.

"அவர் ஒண்டும் அழிக்கல்ல! ட்ரைவ் தானாத்தான் செத்துப் போச்சு!"

"நாலு மாசத்துல சாகுமா? ஆருக்குக் கதை சொல்றாய்?"

மனுவேலின் தம்பி டிலக்‌ஷனை ஐஸ் பெக்டரியின் இறங்குதுறையில் வெட்டிப் போட்டு இரண்டு கிழமைகூட ஆகவில்லை. வெடி போட்டுப் பிடித்த மீனை அந்தத் துறையில் இறக்குகிறார்கள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான், கடற்படைக்கும் சொன்னான். ஒரு விடியற்காலை கழுத்திலும் முதுகிலும் வெட்டோடு இரண்டு வள்ளங்களுக்கிடையே கிடந்தான். துறையைப் பார்த்தபடி பெக்டரிச் சுவரில் கமராக்கள் இருந்தன. அவற்றைப் பொருத்தியது பாயிஸ். ஆனால் பொலிஸ் வந்து ரெக்கோடரைத் திறந்தபோது உள்ளே இருந்த ட்ரைவ் செத்திருந்தது.

ஐஸ் நொறுக்கும் மெஷினின் அதிர்வுக்குச் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் தாங்காது என்று நாலு மாதத்துக்கு முன் பாயிஸ் அதில் எஸ்.எஸ்.டி. ட்ரைவ் போட்டிருந்தான். அதற்குள் ஓடுகிற பாகம் எதுவும் இல்லை, மெமரி சிப்கள் மட்டும்தான். ஆனால் அழித்து அழித்து எழுத எழுத அந்தச் சிப்கள் தேயும். எட்டுக் கமராக்கள் இரவு பகலாக எழுதியதில் தேய்ந்து செத்துவிட்டது, மலிவுச் சாமான், என்று பாயிஸ் பொலிசுக்குச் சொல்லியிருந்தான். ஷிம்லாவும் அதை நம்பினாள். கடையில் பாதி வேலை அவளுடையது. மலிவு ட்ரைவ்களின் குணம் அவளுக்குத் தெரியும்.

பஸார்காரர்கள் ஓடி வந்து மனுவேலைப் பிடித்தார்கள். பாயிஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். அதைப் பார்த்ததும் ஷிம்லாவுக்கு நெஞ்சு கொதித்தது.

"இங்க பாருங்க," என்றாள் மனுவேலிடம். "அந்த ட்ரைவ் வந்த அதே பெட்டியில இன்னும் ரெண்டு ஈக்குது. கமரா நாலு மாசமா எழுதினத நான் ஒரு கிழமையில எழுதிக் காட்டுறன். வந்து குந்திப் பாருங்க. செத்தா, என்ட புருஷன்ட கால்ல விழணும். சாகாட்டி, மத்தக் கையயும் வந்து உடைங்க."

மனுவேல் மூச்சு வாங்கியபடி அவளையே பார்த்தான். "வாறன்," என்றான். "சாகாட்டி கையோட நிக்க மாட்டன்." பொலிசுக்கு அறிவிக்க வேண்டாமென்று ஷிம்லா பஸார்காரர்களிடம் சொல்லிவிட்டாள்.

புத்தளத்து ஆஸ்பத்திரியில் பாயிஸின் கைக்குள் தகடு வைத்தார்கள். மகளைத் தில்லையடியில் உம்மாவின் வீட்டில் விட்டுவிட்டு வந்து, தான் செய்யப்போவதை ஷிம்லா அவனிடம் சொன்னாள். அவன் முகம் வெளிறியது.

"வேணாம். நிப்பாட்டு."

"ஏன் நிப்பாட்டணும்? ஒங்கட கைய உடச்சவன் ஊருக்கு முன்னால தலை குனிய வேணாமா?"

"சொன்னாக் கேளு, ஷிம்லா." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வலியில் சொல்கிறான் என்று நினைத்து அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

இரண்டு ட்ரைவ்களையும் பழைய கொம்பியூட்டர் ஒன்றில் கொழுவினாள். கரண்ட் போனாலும் நிற்காதபடி பெரிய பற்றரி வைத்தாள். மறுநாள் காலை மனுவேல் வந்து, வாசலில் கிடந்த கதிரையை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இடுப்பில் மீன் வெட்டும் கத்தி. அவள் தேநீர் கொடுக்கவில்லை; அவன் கேட்கவும் இல்லை.

மத்தியானம்தான் முதல் முறை வாயைத் திறந்தான். "என்ன எழுதுது?"

"அர்த்தமில்லாத எழுத்து. ட்ரைவ் நிறையும் மட்டும் எழுதும். பிறகு திருப்பி வாசிக்கும். ஒரு எழுத்துப் பிழைச்சாலும் செவப்புக் காட்டும். பிழை இல்லாட்டி எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி முதல்ல இருந்து."

"எது மட்டும்?"

"சாகும் மட்டும்."

அவன் திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு யாரோடோ பேசுவது போலச் சொன்னான்: "தம்பிக்குப் பதினொரு வெட்டு. குளிப்பாட்டினது நான்தான். கழுத்த ஒரு கையால பிடிச்சுக்கொண்டுதான் குளிப்பாட்ட வேண்டியிருந்திச்சு."

அவன் மேலிருந்த ஆத்திரம் ஷிம்லாவுக்குக் குறையவில்லை. ஆனால் அன்று பின்னேரம், "என்ட புருஷன் காசு வாங்கினார் எண்டு ஆர் சொன்ன?" என்று கேட்டாள்.

"மரியநாயகம் ஐயா. பெக்டரி முதலாளியே சொல்றார், கமராக்காரன ஆரோ வாங்கிப்போட்டாங்கள் எண்டு. தம்பிட ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நிண்டவர் அவர். சவப்பெட்டியில ஒரு பக்கம் தூக்கினவர்."

நாட்கள் போயின. ட்ரைவ்கள் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடாகின. ஆயுள் கணக்கு காட்டும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. பச்சைக்கோடு மட்டும் சிவக்கவில்லை. மீதி ஆயுள் பாதியானபோது, எட்டுக் கமராக்கள் நாலு மாதம் எழுதிய அளவை இரண்டு ட்ரைவ்களும் தாண்டிவிட்டிருந்தன. ஷிம்லா மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதைவிட மோசமான சாமானாக அந்த ஒன்று மட்டும் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நாலு மாசம் எழுதியாச்சா?" மனுவேல் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம்."

"பொய் சொல்றாய்." அவன் எழுந்தான். கத்தியை உருவி மேசைப் பலகையில் குத்தினான். அது அவளுடைய விரல்களுக்குப் பக்கத்தில் நின்று ஆடியது. "பொய் சொல்லும்போது உன்ட கழுத்தில நரம்பு துடிக்குது. ரெண்டும் சாகேல்ல. உன்ட புருஷன் கள்ளன்."

ஷிம்லா கையை எடுக்கவில்லை. "ஓம். நாலு மாசம் முடிஞ்சுது. சாகல்ல. ஆனா இது எப்படிச் சாகுதெண்டும் பாக்கணும். சாகும் மட்டும் இருங்க. பிறகு நானே சொல்றன், ஆர் கள்ளன் எண்டு."

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் திரும்பவும் அந்தக் கதிரையில் இருந்தான்.

ஆயுள் எண் பூச்சியத்துக்கு வந்தது. அதற்குப் பிறகும் ட்ரைவ்கள் எழுதின. அடுத்த கிழமை ஒரு காலைப்பொழுதில் முதலாவது ட்ரைவ் நின்றது. ஷிம்லா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். அது இனி எழுத மறுத்தது. ஆனால் அதுவரை எழுதியதெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் உள்ளே இருந்தது. வாசிக்கக் கேட்டால் வாசித்தது. பின்னேரத்துக்குள் இரண்டாவதும் அதேபோல நின்றது. அதிலும் எல்லாம் இருந்தது.

இந்தச் சாதி ட்ரைவ் தேய்ந்து செத்தால் உள்ளே இருப்பதை விடாது. பொலிஸ் எடுத்துப்போனதோ கொம்பியூட்டருக்கே தெரியாத வெறும் தகரம். எடுத்துப்போகுமுன் பொலிஸ் அதைக் கடைக்குக் கொண்டுவந்து, பாயிஸ் திறந்து காட்டியபோது ஒரு மூலை கருகியிருந்ததை அவள் கண்டாள். சூட்டில் போயிருக்கும் என்று அன்று நினைத்தாள். வயரைத் தலைகீழாக மாற்றிக் கரண்ட் கொடுத்தால்தான் அப்படிக் கருகும். அந்த வேலை தெரிந்தவர்கள் கற்பிட்டியில் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

மனுவேலிடம், "இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

தகடு வைத்த காயம் சீழ் பிடித்து இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பாயிஸ் அவளுடைய முகத்தைப் பார்த்தவுடன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்த ட்ரைவ நீங்கதான் கொன்ற," என்றாள் அவள்.

அவன் மெல்ல அழத் தொடங்கினான். "ஐஸ் நொறுக்குற மெஷின ஓட விட்டு, அதுட பல்லுக்குக் கிட்ட என்ட தலைய அமத்திப் பிடிச்சாங்க. முடி போய்ச் சிக்குது ஷிம்லா. மகள்ட பேரச் சொல்லி, அடுத்தது அவள் எண்டாங்க."

"ஆர்?"

"மரியநாயகத்துட ஆக்கள். படத்த முதல்ல தனக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் விழுந்திருந்திச்சு. ஆக்கள் பிடிச்சாங்க. வெட்டினது அவர், தன்ட கையால. கமராவுல சத்தம் இல்ல. ஆனா பொடியன் 'ஐயா, ஐயா' எண்டு கத்துறது வாயில தெரிஞ்சிச்சு."

ஷிம்லா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சவப்பெட்டி தூக்கிய அதே ஆள்தான் மனுவேலை இவன்மேல் ஏவியிருக்கிறான். படம் அழிந்துவிட்டது, கண்டவன் மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தைத் தம்பியை இழந்தவனின் கையாலேயே முடிக்கப் பார்த்திருக்கிறான்.

கற்பிட்டிக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடையின் இரும்புக் கதவு நெளிந்து கிடந்தது. மனுவேலைக் காணவில்லை. உள்ளே இரண்டு பேர் இரும்புக் கம்பியால் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் திரும்பி அவளுடைய வாயில் குத்தினான். முன்பல் ஒன்று நாக்கில் விழுந்தது. மற்றவன் முடியைப் பிடித்து உடைந்த கண்ணாடிக்கு மேலே இழுத்தான். "பரிசோதனை செய்றியாடீ? செய், பாப்பம்." அவள் அவனுடைய கையைக் கடித்தாள். கம்பி அவள் விலாவில் இறங்கியது.

அப்போதுதான் மனுவேல் வந்தான். சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கிறான். கையில் பார்சல் இருந்தது. அதை எறிந்துவிட்டுப் பாய்ந்தான். முதலாமவனின் மூக்கைத் தலையால் மோதி உடைத்தான். அவன் தவழ்ந்து தெருவுக்கு ஓடினான். மற்றவனின் கையை மேசையில் விரித்துப் பிடித்து, கத்தியை உள்ளங்கைக்கூடாகப் பலகையில் இறக்கினான். அவன் அலறிய அலறலில் எதிர்க்கடைகள் கதவை இழுத்துப் பூட்டின.

"ஆர் அனுப்பின?"

"ஐயா! மரியநாயகம் ஐயா!"

மனுவேல் குழம்பிப் போய் ஷிம்லாவைப் பார்த்தான். "ட்ரைவ் எழுதுறதுக்கு அவர் ஏன் பயப்படுறார்?"

அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். ஒரு பொய் போதும், புருஷனைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "ஒங்கட தம்பிய வெட்டினது அவர்தான். கமராவுல விழுந்திச்சு. என்ட புருஷன் கண்டவர். படத்த அழிச்சதும் என்ட புருஷன்தான். தலைய மெஷினுக்க பிடிச்சு அழிப்பிச்சிருக்காங்க."

மனுவேல் மேசையிலிருந்து கத்தியை இழுத்தெடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். ஷிம்லா விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி அவனுடைய சட்டையைப் பிடித்தாள்.

"அவன வெட்டினா நீங்க மறியல்ல கம்பி எண்ணுவீங்க. அவன் நல்லவனாச் செத்துப்போவான். அவன்ட பெட்டியயும் ஊரே தூக்கும். அதுவா வேணும்?"

அவன் அவளைத் தள்ளிவிட்டான். அவள் தாரில் விழுந்து எழுந்து, எதிர்ப்பட்ட ஓட்டோவில் பொலிசுக்குப் போனாள்.

பொலிசோடு துறைக்கு வந்தபோது அங்கே சனம் கூடியிருந்தது. ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கியை மரியநாயகத்தின் தோளில் மாட்டி, பெக்டரியிலிருந்து துறை வரை மனுவேல் இழுத்து வந்திருந்தான். வந்த வழியெல்லாம் ரத்தம். டிலக்‌ஷன் கிடந்த இடத்தில் அவரைக் குப்புறப் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றி, கழுத்தில் கத்தியை வைத்திருந்தான்.

"சொல்லு! அவன் உன்ன என்னெண்டு கூப்பிட்டவன்? கடைசியா என்னெண்டு கூப்பிட்டவன்?"

"ஐயா எண்டுதான்... ஐயா எண்டுதான் கூப்பிட்டவன்," என்று அந்தப் பெரிய மனிதர் மண்ணைத் தின்றபடி புலம்பினார். அத்தனை பேருக்கும் அது கேட்டது. அவருடைய ஐஸில் மீன் வைத்துப் பிழைத்தவர்கள், பூசையில் அவருக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள், ஒருவரும் அவரைத் தூக்கிவிடக் கிட்டப் போகவில்லை.

மனுவேலின் கத்தி கீறிய இடத்தில் ரத்தம் வடிந்தது. ஷிம்லா அவனுக்கு முன்னால் மண்ணில் குந்தினாள். "போதும் நானா," என்றாள். அண்ணன் முறை சொல்லி அவள் அவனை அழைத்தது அதுவே முதல் தரம். "சாட்சி ஈக்குது. உசிரோட ஈக்குது. நான் கொண்டு வந்து நிப்பாட்டுவன்."

அவன் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுக் கையை நீட்டினான். பொலிஸ் விலங்கு போட்டது.

சொன்னபடி அவள் செய்தாள். பாயிஸ் புத்தளம் நீதிமன்றக் கூண்டில் ஏறி, படத்தில் கண்டதையெல்லாம் சொன்னான்; தான் செய்ததையும் சொன்னான். மரியநாயகமும் ஆட்களும் பிணையில்லாமல் உள்ளே போனார்கள். தடயத்தை அழித்ததற்காகப் பாயிசுக்கும் தண்டனை கிடைத்தது. மனுவேலுக்கு எதிராகவும் ஷிம்லா சாட்சி சொன்னாள்: துடுப்பால் அடித்தவன் இவன்தான், கொக்கியால் இழுத்தவன் இவன்தான் என்று. மனுவேல் அவளைப் பார்த்து ஓம் என்று தலையாட்டினான்.

மாதம் ஒருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு, மறியலில் இருந்த பாயிஸைப் பார்க்கப் போனாள். ஒரு தரம், பிள்ளை தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பாயிஸ் கேட்டான்: "அண்டைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் வீட்டுல இருந்திருப்பன். ஏன் சொன்ன?"

"நீங்க எனக்கிட்டச் சொல்லியிருந்தா, நான் அவனுக்கிட்டச் சொல்ல வேண்டி வந்திருக்காது."

"கோவமா இன்னும்?"

"ஓம்," என்றாள் ஷிம்லா. "கோவத்தோடதான் வாறன். அடுத்த மாசமும் வருவன்."

காவலாளி நேரம் முடிந்ததென்று தட்டினான். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மகளைத் தேடிப் போனாள்.