ஆறு மைதானத்தில் நாலு

என் மகன் முத்துப்பாண்டி எங்கள விட்டுப் போய்ச் சேந்து ஆறு மாசம் கழிச்சு, ஆடி மாசக் கடைசியில, அமெரிக்காவுலருந்து ஒரு கவர் வந்துச்சு. உள்ள ஆறு காகிதம். ஆறும் கோல்ஃப் மைதானத்தோட விளம்பரக் காகிதம். அந்த ஆறுல நாலை நான் பொறுக்கிச் சொல்லணுமாம். யாரு? கோல்ஃப் மட்டையக் கண்ணாலகூடப் பாக்காத திருத்தங்கல் சங்கரலிங்கம்.

முழுசாச் சொல்றேன். நடுவுல கோவப்பட்டேன்னா பொறுத்துக்கங்க, என் வாய் அப்படி. முப்பது வருசமா ஆப்செட் மிசின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசுன வாய். திருத்தங்கல்ல ஒரு காலண்டர் கம்பெனியில நான் மிசின் போர்மேன். எம் பொண்டாட்டி வீரலட்சுமி தீப்பெட்டி ஆபீசுக்கு வேன்ல போய் வர்றவ. எங்களுக்கு ஒரே மகன். இஞ்சினியரிங் படிச்சான், அமெரிக்கா போனான், மூணு வருசம் இருந்தான். 2006 மாசியில ஒரு கார் விபத்துல முடிஞ்சுபோச்சு. கூடப் படிச்சவன், கூடவே வேலைக்குப் போனவன் பெனிட்டோ, விருதுநகர் டீச்சரம்மா மகன். அவன்தான் பெட்டியோட வந்து பிள்ளைய எங்க கையில ஒப்படைச்சவன்.

கவர் வர்றதுக்கு முன்னால அந்த பெனிட்டோ போன் போட்டான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம்.

"அப்பா, சாப்பிட்டீகளா? அம்மா எப்படி இருக்காக?"

"இருக்கோம்லே. விசயத்தச் சொல்லு."

"பாண்டியும் நாங்க மூணு பேரும் மே மாசம் ஒரு டூர் போறதா இருந்தோம்ப்பா. நாலு நாள் லீவு. நாளுக்கு ஒரு ஊரு, ஒரு மைதானம், கோல்ஃப் ஆடுறதுன்னு. அவன் ஆறு மைதானத்துக் காகிதம் சேத்து வச்சிருந்தான். எந்த நாலுன்னு முடிவு பண்றதுக்குள்ள இப்படி ஆகிப்போச்சு. அந்த டூரை அக்டோபர்ல நாங்க போறோம். அவனுக்காகத்தான். எந்த நாலுன்னு நீங்க சொல்லணும். காகிதத்த அனுப்பியிருக்கேன்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "ஏலே, அதுல எனக்கு என்ன எழவு தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாததா அப்பா," ன்னான். கேலியாச் சொல்லலை. இவன் என்ன இப்படிப் பேசுறான்னு நெனச்சேன், அம்புட்டுதான்.

வீரலட்சுமி அடுப்படியிலருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தா. போனை வச்சதும் பிடிச்சுக்கிட்டா. "பிள்ளையப் பறிகொடுத்த வீட்ல ஆட்டம் ஒண்ணுதான் கொறச்சல். அவகதான் சின்னப் பயலுக. நீங்களுமா?" கவர் வந்து ரெண்டு நாளா டிவி மேல கெடந்துச்சு. அவ தூசி தட்டையில அந்தக் கவரைச் சுத்தித் துணிய ஓட்டுனாளே ஒழிய, தொடலை.

எனக்கும் வேண்டாம்னு சொல்லிறலாம்னுதான் இருந்துச்சு. ஆனா சொல்ல முடியலை. ஏன்னு கேட்டா, அதைச் சொல்ல எனக்கே அசிங்கமா இருக்கு. இருந்தாலும் சொல்றேன்.

பாண்டி வாரா வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்களுக்குப் போன் போடுவான். அங்கன அப்ப காலை நேரம். "அப்பா, மைதானத்துல நிக்கேன்"ம்பான். பின்னால குருவி கத்துறது கேக்கும். "புல்லு எப்படி இருக்கு தெரியுமாப்பா, நம்ம காலண்டர்ல போடுற மாதிரியே இருக்கு"ம்பான். நான் என்ன சொல்லுவேன்? "சரி சரி, வேலை கெடக்கு, அம்மாட்ட குடுக்கேன்." எல்லா வாரமும் இதே பாட்டுதான். ஞாயித்துக்கிழமையும் மிசின் ஓடும் எங்களுக்கு. வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுத் திரும்பி ஓடுற நேரத்துலதான் அவன் போன் வரும்.

ஒருநா அவன் சொன்னான், "அப்பா, இது பொது மைதானம். மெம்பரா இருக்கணும்னு இல்ல. யார் வேணா போகலாம், காசைக் கட்டிட்டு ஆடலாம். நீ யாரு, எந்தத் தெரு, யார் மகன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். நீங்களும் ஒருதரம் வாங்கப்பா."

அவன் அதை ஏன் எங்கிட்டச் சொன்னான்னு எனக்குத் தெரியும். எனக்கு இருவது வயசுல, ஒரு பெரிய மனுசன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுபோய்க் குடுக்க ஒரு கிளப்புக்குப் போனேன். கேட்லயே நிப்பாட்டிட்டாக. ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். உள்ள டென்னிஸ் ஆடிக்கிட்டு இருந்தாக. இந்தக் கதைய நான் குடும்பத்துல நூறு தடவை சொல்லியிருக்கேன். அதைக் கேட்டு வளந்தவன் அவன்.

அப்படிப்பட்டவன் வான்னு கூப்புட்டதுக்கு நான் சொன்ன பதிலு என்ன தெரியுமா? "வேலைவெட்டி இல்லாதவன் ஆடுற ஆட்டம்லே அது. ஒழுங்கா வேலையப் பாரு." அம்புட்டுதான். அதுக்கப்புறம் அவன் என்னயக் கூப்பிடலை. போன் போடுவான், மைதானத்துல நிக்கேன்ம்பான், வாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டான்.

இப்பச் சொல்லுங்க, அவன் பாதியில விட்டுட்டுப் போன ஒண்ணே ஒண்ணு இந்த ஆறு காகிதம். இதுலயாவது அவன் மனசுல இருந்ததைச் சரியாச் சொல்லிறணும்னு எனக்கு ஒரு வெறி. உசுரோட இருக்கையில காதுகுடுத்துக் கேக்கலை. செத்த பெறகாவது ஒரு தடவை தப்பில்லாம நடந்துக்கணும்னு நெனச்சேன்.

வெள்ளிக்கிழமை கவரை கம்பெனிக்கே கொண்டுபோனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மிசின் நின்னிருந்துச்சு. வெளிச்ச மேசையில ஆறு காகிதத்தையும் வரிசையாப் பரப்புனேன். இங்கிலீசு எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அர்த்தம் முழுசா வராது. ஆனா அச்சு வாசிக்க வரும். புள்ளி பாக்குற லென்சை வச்சு ஒவ்வொண்ணாப் பாத்தேன்.

பச்சைதான் கஷ்டம், தெரியுமா? நீலமும் மஞ்சளும் புள்ளி புள்ளியாச் சேந்தாத்தான் பச்சை. கொஞ்சம் நீலம் ஏறுனா புல்லு செத்துப்போகும், மஞ்சள் ஏறுனா காஞ்சுபோகும். கடலோரத்து மைதானம் ஒண்ணு, அடடா, அப்படியே ஈரமா இருந்துச்சு. மலை அடிவாரத்துல ஒண்ணு, கலரு ஒண்ணு மேல ஒண்ணு மயிரிழை பிசகாம உக்காந்திருந்துச்சு. ஏரி உள்ள ஒண்ணு, கனமான ஆர்ட் பேப்பரு, மேல வார்னிசு. நாலாவது பைன் மரங்களோட. அஞ்சாவதுல வானத்தை வேற படத்துலருந்து வெட்டி ஒட்டியிருந்தான், லென்சுல கோடு தெரிஞ்சுச்சு. ஏமாத்துக்காரப் பயன்னு அதைத் தள்ளிட்டேன்.

ஆறாவது இருக்கே, அதைப் பாத்ததும் எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஒத்தைக் கலரு. மட்டமான தாளு. மை காயறதுக்கு முன்னால அடுக்கி, பக்கத்துத் தாளு மை அதுல ஒட்டியிருந்துச்சு. மைதானத்துப் படமே இல்ல, கோணலா ஒரு வரைபடம், ஒரு போன் நம்பர். எவன்டா இதை அடிச்சவன், எங்கிட்ட இருந்தா சம்பளத்தோட வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்னு வாய்விட்டே சொன்னேன். திருப்பிப் பாத்தா முதுகுல பென்சில்ல ரெண்டு வரிசையா எண்ணு. அஞ்சு, ஆறு, நாலு, ஏழுன்னு. எங்க தொழில்ல, மிசினைச் சரிபண்ண ஓட்டுற தாள்லதான் அப்படிப் பென்சில்ல கிறுக்குவோம். அது எப்பவும் வேஸ்ட்டுதான். கை பழக்கத்துல அதைக் கசக்கி வேஸ்ட்டுக் கூடையில போட்டுட்டேன்.

நல்லா அச்சடிக்கிறதுக்குப் பொறுமை இருக்குறவன், இடத்தையும் நல்லாத்தான் வச்சிருப்பான். எம் பிள்ளை அச்சாபீசுல வளந்த பிள்ளை, அவன் கண்ணும் இப்படித்தான் பாத்திருக்கும். இதுதான் என் கணக்கு. நாலு காகிதத்தையும் பத்திரமாக் கவர்ல போட்டுக்கிட்டு, ஆறு மாசத்துல மொத மொதலா நிம்மதியா ஒரு டீ குடிச்சேன். சனிக்கிழமை எப்பவும்போல வேஸ்ட்டு லோடு போச்சு. எங்க வேஸ்ட்டுத் தாளை வாங்குற வியாபாரி அதை இருவது வெடி கம்பெனிக்குப் பிரிச்சுக் குடுத்துருவான். வெடிக்குக் குழல் சுத்த.

மறுநா ஞாயித்துக்கிழமை. பெனிட்டோ போன் வந்துச்சு. கடலோரம், மலையடிவாரம், ஏரி, பைன் மரம்னு வாத்தியாருக்கு ஒப்பிக்கிற மாதிரி பேரை எழுத்துக்கூட்டி வாசிச்சேன்.

"ஏலே, கேக்குதா?"

"கேக்குதுப்பா. அந்த ஆறாவது? அதை வேண்டாம்னுட்டீகளா?"

"அது ஒரு காகிதமாலே? கண்றாவி."

"இல்லப்பா..." ன்னு இழுத்தான். "அதைத்தான் நீங்க மொதல்ல சொல்லுவீகன்னு நெனச்சேன். அது அவன் வாரா வாரம் ஆடுன மைதானம். உங்களுக்கு அங்கருந்துதான் போன் போடுவான். மத்ததெல்லாம் அவன் போகணும்னு நெனச்ச இடம். இது அவன் இடம்."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாத்துனேன்.

"பாண்டி சொல்லலையாப்பா உங்ககிட்ட? பொது மைதானத்துல தனி ஆளாப் போனா, முன்னப்பின்ன தெரியாத மூணு பேரோட சேத்து விட்டுருவாக. பாண்டிக்கு ஆரம்பத்துல வெள்ளக்காரகளோட பேசக் கூச்சம். அதனால ரெண்டு ஆளுன்னு பதிவு பண்ணுவான். அவன் பேரு, அதுக்குக் கீழ சங்கரலிங்கம். ரெண்டு பேருக்கும் காசு கட்டுவான். ரெண்டு பந்து வச்சு ஆடுவான். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு உங்களுக்கு. கூச்சம் போன பெறகும் அதை விடலை. வாசல்ல பேரு பாத்து உள்ள விடுற கெழவர் ஒருத்தர், 'உங்கப்பா இன்னிக்கும் வரலையா'ம்பாராம். 'அவருக்கு காலண்டர் சீசன் நேரம், அடுத்த வாரம் வருவார்'ம்பானாம் இவன். ரெண்டு வருசமா."

நான் சுவத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டேன்.

"அந்தக் காகிதத்துக்குப் பின்னால பென்சில்ல எழுதியிருக்கும் பாருங்கப்பா. கடைசி ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல குழிக்கு எத்தனை அடின்னு கணக்கு. மேல் வரிசை அவன் அடிச்சது. கீழ் வரிசை நீங்க அடிச்சது."

தெய்வமே. கசக்கிப் போட்ட கை இது. இந்தக் கைய என்ன பண்ணன்னு தெரியாம சுவத்துல வச்சு அழுத்திக்கிட்டு நின்னேன். எங்க போய்த் தேட? இருவது வெடி கம்பெனியில எந்தக் கம்பெனி, எத்தனை ஆயிரம் குழல்? இந்நேரம் கந்தகத்தோட எங்கன உக்காந்திருக்கோ.

"அது எங்கிட்ட இல்லலே," ன்னேன். "வேஸ்ட்டுன்னு போட்டுட்டேன்."

பெனிட்டோ என்னயத் திட்டியிருக்கலாம். திட்டலை.

"நான் சொன்ன நாலையும் விட்டுருலே," ன்னேன். "நாலு நாளும் அங்கனயே ஆடுங்க. அந்தக் கெழவர் இருக்காரா?"

"இருக்காருப்பா."

"அவர்ட்ட எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதச் சொல்லு. எம் பந்தை நீ அடி. அவன் பந்தை இன்னொருத்தன் அடிக்கட்டும்."

"சரிப்பா."

வச்சிரலாம்னு பாத்தேன், மனசு கேக்கலை. "பெனிட்டோ, அந்த ஆட்டத்துல எப்படிலே ஜெயிக்கிறது?"

"கம்மித் தடவை அடிச்சு எல்லாக் குழியிலயும் போட்டவக ஜெயிச்சவகப்பா."

"அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமை யாருலே ஜெயிச்சது?"

"நீங்கதான்ப்பா," ன்னான். "எப்பவும் நீங்கதான். உங்க பந்தை அடிக்கையில மட்டும் பய ரொம்ப நேரம் நின்னு, பாத்துப் பாத்துத்தான் அடிப்பான். அவன் பந்தை அவசரமா அடிச்சுட்டுப் போயிருவான். பின்னால நாங்களும் கூடப் போகையில கேலி பண்ணுவோம். 'எங்கப்பா தப்புன்னா விடமாட்டாருடா'ம்பான்."

போனை வச்சுட்டேன். வீரலட்சுமி முட்டிக்காலைக் கட்டிக்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. "என்ன சொல்றான் அவன்?"

"நம்ம பய வாரா வாரம் எங்கிட்டத் தோத்திருக்கான்த்தா," ன்னேன்.

ஆட்டம் வேண்டாம்னு சொன்னவ, எந்த ஆட்டம், என்ன தோல்வின்னு ஒண்ணும் கேக்கலை. "எம்புட்டு நாளா?" ன்னா.

"ரெண்டு வருசமா."

பிள்ளையப் பொதச்ச அன்னிக்குக்கூட நான் அழுகலை, ஆளுகளை மேய்ச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னிக்கு அந்தச் சிமிண்டுத் தரையில அவ பக்கத்துல உக்காந்து, அக்கம்பக்கம் கேக்க, வாய்விட்டு அழுதேன்.