மூன்றாம் பாகத்தின் கடைசி வரி

ப்ரினா அந்தத் தொடரை அதுவரை ஏழு பேருக்குச் சிபாரிசு செய்திருந்தாள். ஏழாவது ஆள் டிங்காரா, பதின்மூன்று வயதுப் பெண். ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவள் மூன்றாம் பாகத்தைக் கொண்டுவந்து, நூலக வாசல் படியில் உட்கார்ந்திருந்த ப்ரினாவின் மடியில் போட்டாள்.

"கோழைக் கதை. இதப் போயி படி படின்னு உயிர வாங்கின."

உப்பு மதில், மொத்தம் நான்கு பாகம். மதிலுக்குள் ஒரு நகரம். பதினைந்து வயதில் ஒரு தேர்வு. அதில் வாங்கும் மதிப்பெண்தான் ஒருவருக்குச் சாகும்வரை கிடைக்கும் தண்ணீரின் அளவு. தேர்வில் தோற்ற பிள்ளைகள் சேர்ந்து மூன்று பாகம் முழுக்க மதிலைக் குடைகிறார்கள். மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓட்டை விழுகிறது. வெஸ்ஸா என்ற பெண் தன் காதலன் கோர்மின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறாள். போகிறோம்.

ஆங்கில மூலத்தில் அவ்வளவுதான். எத்தனை பேர் என்று அந்த மொழி கேட்பதில்லை. ப்ரினாவின் ஊரில் பேசும் ஸ்லோவேனிய மொழி கேட்கும். இரண்டு பேர் போனால் 'க்ரேவா', இலக்கணத்தில் அதற்கு இருமை என்று பெயர். அதற்கு மேல் போனால் 'க்ரேமோ'. வாயைத் திறக்கும் முன்பே தலைகளை எண்ணியாக வேண்டும். மொழிபெயர்த்தவர் நான்காம் பாகத்தைப் பார்க்காமலே 'க்ரேவா' என்று போட்டுவிட்டார். கூடவே தோண்டியவர்களை உள்ளே விட்டுவிட்டுக் காதலர்கள் இருவரும் கம்பி நீட்டிவிட்டதாக ஆகிவிட்டது. படித்தவர்கள் காறித் துப்பினார்கள். விற்பனை படுத்தது. பதிப்பகம் நான்காம் பாகத்தைக் கைவிட்டது.

ப்ரினாவும் ஒரு வருஷம் அந்த இருவரையும் வெறுத்தவள்தான். அவளுக்குப் பத்தொன்பது வயது. மேல்நிலைப் பள்ளியை மூன்றாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு பேட்டரித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தாள். நான்காம் பாகத்தை ஆங்கிலத்தில் வரவழைத்து, பெட்டி அடுக்கும் இடைவேளைகளில் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்து முடித்திருந்தாள். ஆகவே அன்று டிங்காராவோடு வாதாடவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாள். அச்சில் இருந்த 'வா'வை அடித்துவிட்டு மேலே 'மோ' என்று எழுதினாள். பிறகு அதே புத்தகத்தை உள்ளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள்.

செப்டம்பரில் நூலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் நூலகம் ஒரு பட்டியல் போடும். அதிலிருந்து ஐந்து புத்தகம் படித்து, கதையை வாயால் சொல்லிக் காட்டும் பிள்ளைக்கு வாசிப்பு பேட்ஜ் கிடைக்கும். பட்டியலில் இருக்கும் புத்தகத்தை ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் படிப்பார்கள். உப்பு மதிலைச் சேர்க்கச் சொல்லி ப்ரினா ஜூன் மாதமே எழுதிக் கொடுத்திருந்தாள். சேர்க்காவிட்டால் அதற்குக் கழிவுப் பெட்டிதான், ஏனென்றால் முழுமையடையாத தொடர்களை அந்த வருஷம் கழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நூலகர் க்ளான்சிஷார் அம்மாள். இன்னொருவர் புரொபசர் ஓட்செபெக், பள்ளியில் ப்ரினாவுக்குத் தாய்மொழி நடத்தியவர், பட்டியலுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவர்; அங்கே மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களையும் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவில் மூன்றாம் பாகம், கடைசிப் பக்கம் திறந்தபடி.

"படிப்ப பாதியில விட்டவ, பாதியில நின்ன கதைய சிபாரிசு பண்ற. ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார் ஓட்செபெக்.

"படிப்ப நான் விட்டேன் புரொபசர். கதை தானா நிக்கல. நிறுத்தினாங்க."

அவர் சிவப்பு மையின் மேல் விரலை வைத்தார். இது அவளுடைய பழைய வியாதி என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சுரங்கப் பள்ளத்தாக்கில் பெண்கள் இரண்டு பேர் கிளம்பினாலும் 'க்ரேமோ' என்றுதான் சொல்வார்கள். ப்ரினாவின் அம்மாவும் சித்தியும் அப்படித்தான். ப்ரினா அதையே கட்டுரையில் எழுதினாள். ஓட்செபெக் மூன்று வருஷம் அவள் நோட்டு முழுக்க 'இருமை எங்கே?' என்று சிவப்பில் எழுதித் தள்ளினார். கடைசியில் தோல்வியும் போட்டார்.

"அப்ப கட்டுரையில ரெண்டு பேரு. நீங்க அடிச்சது சரி" என்றாள் ப்ரினா. "இப்ப எண்ணிட்டுத்தான் எழுதினேன். நீங்களும் எண்ணுங்க."

பையிலிருந்து நான்காம் பாகத்தை எடுத்து முதல் பக்கத்தை விரித்து வைத்தாள். மதிலுக்கு வெளியே, உப்புத் தரையில் வரிசையாக நடக்கிறார்கள். எண்ணிக்கை எங்கும் இல்லை, பெயர்கள்தான். ஓட்செபெக் கண்ணாடியை மாட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒரு கை தீர்ந்தது, மறு கையும் தீர்ந்தது. மறுபடி ஒரு கட்டைவிரலை நிமிர்த்த வேண்டியிருந்தது. க்ளான்சிஷார் அம்மாள் புத்தகத்தை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றார் ஓட்செபெக். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சரியாகவே இருந்தாலும் நூலகப் புத்தகத்தில் மை வைத்தது குற்றம், அச்சில் வந்ததைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை என்றார்.

நூலகர்தான் இறங்கிவந்தார். அவருக்கு ப்ரினாவைப் பிடிக்கும். ஒரு வரி மன்னிப்புக் கடிதம் எழுதிவிடு, இந்த மையின் மேல் வெள்ளை பூசி அச்சில் இருந்தபடியே எழுதிவிடலாம், தொடரைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன் என்றார். ஓட்செபெக் மறுக்கவில்லை.

ப்ரினா யோசித்தாள். ஊரில் நூற்றைம்பது பிள்ளைகளாவது படிப்பார்கள். நூற்றைம்பது பேரும் கடைசிப் பக்கத்தை மூடும்போது, தேர்வில் தோற்றவர்கள் தங்களில் ஒன்பது பேரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று நம்பிக்கொண்டு மூடுவார்கள்.

"வேணாம். வெள்ள பூசினா இத நான் எதிரிக்குக்கூட சிபாரிசு பண்ண மாட்டேன்."

"அப்ப கழிவுதாண்டி. யோசிச்சுப் பாரு" என்றார் க்ளான்சிஷார் அம்மாள்.

"யோசிச்சுட்டேன். கழிச்சிருங்க. காரணம் மட்டும் ஒழுங்கா எழுதுங்க. மையால் திருத்தப்பட்டதுன்னு."

அப்படி எழுதவில்லை. மூன்று பாகங்களின் முதல் பக்கத்திலும் கழிவு முத்திரை விழுந்தது. மூன்றாம் பாகத்தில் மட்டும் அதன் கீழே ஓட்செபெக்கின் அழகான கையெழுத்தில் 'மையால் சேதம்' என்று இருந்தது. கழித்த புத்தகங்களை வாசலில் ஒரு பெட்டியில் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ப்ரினா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். பெட்டி வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

டிங்காரா அங்கே நின்றிருந்தாள். ப்ரினா மூன்றாம் பாகத்தை அவளிடம் நீட்டினாள்.

"மறுபடி படி."

"லிஸ்ட்ல போட்டுட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப பேட்ஜ் கெடைக்காது."

"கெடைக்காது. நாலாவது நம்ம மொழியில வராது. வாரம் ஒரு அத்தியாயம் நான் சொல்றேன், இங்கயே. வேணும்னா கேளு, வேணாம்னா போ."

டிங்காரா கடைசிப் பக்கத்தைப் புரட்டி அந்தச் சிவப்பு 'மோ'வைப் பார்த்தாள். "எத்தன பேரு போறாங்க?"

"பதினொரு பேரும்."

முன்னால் புரட்டியபோது முத்திரை கண்ணில் பட்டது. அதன் கீழே இருந்ததை டிங்காரா வாய்விட்டுப் படித்தாள். மையால் சேதம். ப்ரினாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

"இதுவும் தப்பு" என்று சிவப்புப் பேனாவுக்குக் கையை நீட்டினாள்.