பொம்மை நடுங்கக் கூடாது

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு துணிக்கடையின் உடை மாற்றும் அறையில், ஒரு கை மட்டும் நுழைத்த சட்டையோடு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது கிடைத்தது. நானாகத் தேடிப் போனதில்லை.

முதல் வரியை ஆறு முறை எழுதினேன். "கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அந்த வீர மங்கை" என்று ஒன்று. மங்கை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கே கூச்சம் வந்து நிறுத்திவிட்டேன். "சனிக்கிழமை, மாலை நான்கு மணி, மழை" என்று இன்னொன்று. மழை பெய்தது உண்மைதான். ஆனால் மழையில் தொடங்கினால் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அன்று நான் சுவரில்கூடச் சாயவில்லை. பலகைச் சுவர், சத்தம் போட்டுவிடும்.

2

அவளை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வயது. காலையில் சலவைக் கடையில் இஸ்திரி போடுவாள். மாலையில் ரயில் நிலைய வாசலில் ஸ்பீக்கரை வைத்து, தாளம் துள்ளும் ஃபங்க் இசைக்கு ஆடுவாள். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. பழைய வீடியோக்களைப் பார்த்து, ஆளுயரக் கண்ணாடி வாங்க வழியில்லாமல் சுவரில் விழும் தன் நிழலைப் பார்த்துப் பழகியவள்.

அவள் ஆடுவதில் பாப்பிங் என்பது தாளத்துக்குத் தாளம் தசையை இறுக்கி உடனே விடுவது. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். லாக்கிங் என்பது வேகமாகப் போய்க்கொண்டே இருந்து சட்டென்று உறைவது. பூகலூ ஆடும்போது எலும்பே இல்லாதவள் மாதிரி இடுப்பும் முழங்காலும் உருளும். ஆடத் தொடங்கிய புதிதில் ஒரு பெரியவர் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் பாட்டு முடியும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம்.

[இந்த ஆட்டங்களின் வரலாறு என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். ரப்பர் படித்துப் பார்த்து, இதைப் படித்தால் யாருக்கும் கால் ஆடாது என்றாள். எடுத்துவிட்டேன்.]

துணிக்கடை மேனேஜர் ஒருநாள் ரயிலைத் தவறவிட்டு அவள் ஆட்டத்தைப் பார்த்தார். சனிக்கிழமைகளில் கடையின் முன்கண்ணாடிக்குள் வந்து நிற்க முடியுமா என்று கேட்டார். இரண்டு பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு நடுவில் மூன்றாவது பொம்மையாக நிற்க வேண்டும். யாராவது கண்ணாடி அருகே வந்தால் ஒரே ஒரு விரலை அசைக்க வேண்டும். குழந்தைகள் வீறிட்டுச் சிரிக்கும். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

3

இனி வருவதை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

அந்தக் கடையில் முன்பு ஒரு காவலாளி இருந்தான். உடை மாற்றும் அறைகளின் திரைச்சந்தில் கண்ணை வைத்துப் பார்த்து மாட்டிக்கொண்டவன். மேனேஜரே போலீசில் எழுதிக் கொடுத்து அவனை வேலையை விட்டு நீக்கினார். அவன் அன்று தன் தம்பியோடு வந்தான். மழையால் கடையில் மேனேஜர், முன்கண்ணாடியில் ரப்பர், உடை மாற்றும் அறையில் நான் தவிர வேறு ஆளில்லை. கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டது. மேனேஜர், "வாப்பா, உக்காந்து பேசலாம்" என்றார். பயமே இல்லாத குரல். அடுத்து ஒரு அடி விழுந்தது.

(அந்தச் சத்தத்துக்கு உவமை தேடி ஒரு வாரம் போயிற்று. தேடியதே தப்பு.)

பிறகு மூன்று அடிகள். மேனேஜரின் முனகல். அதுவும் நின்றது. பின்னர் செருப்புச் சத்தம் அறைகளை நோக்கி வந்தது. மூன்று அறைகள், மூன்று திரைகள். முதல் திரையின் வளையங்கள் கம்பியில் உரசின. இரண்டாவது திரையும் விலகியது. நான் மூன்றாவதில். அவன் மூச்சு கேட்கும் தூரம். என் கைப்பையில் போன் இருந்தது. அழுத்தினால் சத்தம் வருமோ என்று அழுத்தவில்லை. மேனேஜரை அடித்தபோதும் அழுத்தவில்லை. இந்தக் கதையை எழுதிப் பார்த்த முதல் நான்கு படிகளில் இந்த வரியை விட்டுவிட்டேன், ஐந்தாவதில் எழுதுகிறேன்.

அப்போது வெளியே கைத்தட்டல் கேட்டது.

தம்பிக்காரன் ஓடி வந்தான். "அண்ணே, கண்ணாடி முன்னாடி ஒரே கூட்டம். எல்லாரும் உள்ளதான் பாக்குறாங்க."

பின்கதவு அறைந்து மூடும் சத்தம். அவ்வளவுதான். நான் அதற்குப் பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

4

மறுநாளே இருவரும் பிடிபட்டார்கள். மேனேஜருக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. கூட்டத்தில் ஒருவர் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது: மழைத்துளி வழியும் கண்ணாடிக்குள் ஒரு பொம்மைக்குக் கை நடுங்கத் தொடங்குகிறது, நடுக்கம் தோளுக்கு ஏறுகிறது, கழுத்துக்கு, பிறகு முழு உடம்பும். புத்திசாலித்தனமாக ஆடிக் கூட்டம் சேர்த்துக் குற்றவாளிகளை விரட்டிய பெண் என்று பத்திரிகைகள் எழுதின. ரப்பருக்கு மேடைகள் வந்தன, ஒரு செருப்பு விளம்பரம் வந்தது. அந்த அசைவுக்கு 'பொம்மை நடுக்கம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

என் இரண்டாவது படியும் பத்திரிகை சொன்னதையே சொன்னது. அதை எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படித்தாள்.

"நான் யாரையும் காப்பாத்தலக்கா."

பிறகு ஏன் ஆடினாய் என்று கேட்டேன்.

"கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. பொம்மைக்குக் கை நடுங்கினா அவன் கண்டுபிடிச்சிருவான்ல? நிறுத்திப் பாத்தேன், நிக்கல. சரி, அதையே ஆட்டமாக்கிருவோம், மோட்டார் வெச்ச பொம்மைன்னு நெனச்சிக்கட்டும்னு ஆடினேன். முதுகு அவனுக்குத்தான் காட்டிட்டிருந்தேன். எப்ப அடி விழும், எப்ப விழும்னு அது ஒண்ணுதான். வெளிய கூட்டம் வந்ததே எனக்குத் தெரியாது."

ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். காலரைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க மூணாவது ரூமுல இருக்கீங்கன்னு தெரியும். நீங்க உள்ள போறதப் பாத்தேன். தெரிஞ்சும், கை நடுங்குற வரைக்கும் அசையாமத்தான் நின்னேன்."

நானும் அப்படித்தான் நின்றேன் என்று அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். போனைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மழை வரும் போலிருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

5

முடிவுக்கு என்னிடம் சில யோசனைகள் இருந்தன. அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு இஸ்திரியோடு நிம்மதியாக இருப்பதாக ஒன்று. அவள் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை, அதனால் அந்த முடிவை அடித்துவிட்டேன். பெரிய மேடையில், ஆயிரம் பேர் முன்னால், அவள் முதன்முறையாகப் பயமில்லாமல்—

இல்லை.

அடுத்தது நான் யோசித்ததல்ல. போன மாதம் அந்தக் காவலாளி தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். மேனேஜர்தான் போன் செய்து சொன்னார். ரப்பர் இன்னும் மாலையில் ரயில் நிலைய வாசலுக்குப் போகிறாள். வேறு இடம் பார்க்கலாமே என்றேன். எங்கே போனாலும் நாலு பேர் நடுவில்தான் ஆட வேண்டும், ஒவ்வொருவனையும் யாரென்று கேட்டா நிற்கவைக்க முடியும் என்றாள்.

கூட்டம் இப்போதும் அந்த நடுக்கத்தைத்தான் கேட்கிறது. அது உண்மையிலேயே வருகிறதா, நடிக்கிறாயா என்று கேட்டேன்.

"போன மாசம் வரைக்கும் நடிச்சேன்" என்றாள்.

அன்றுதான் போனைப் பற்றி அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்ப சனிக்கிழமை வந்து என்கூட நில்லுங்க" என்றாள்.

6

நிற்கிறேன். ரயில் நிலைய வாசலில், கூட்டம் போட்ட வட்டத்துக்கு உள்ளே, அவளுக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி. அவன் முகத்தை நான் நேரில் பார்த்ததில்லை. பத்திரிகையில் வந்த ஒரு மங்கலான படம்தான் தெரியும். அதனால் தாடி வைத்தவன் எல்லாம் அவனாகிறான், தாடி இல்லாதவனும் மழித்துக்கொண்ட அவனாகிறான். அவள் ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை. பாட்டைக் கேட்டு அவள் எங்கே இருக்கிறாள் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

இப்போது பாட்டு நின்றுவிட்டது. இந்த இடத்தில் அவள் லாக் போட்டு உறைந்து நிற்க வேண்டும். யாரும் கைதட்டவில்லை. எல்லாக் கண்களும் என் தோளுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கின்றன; வாய்கள் லேசாகத் திறந்திருக்கின்றன. வியந்தாலும் மனிதர்கள் இப்படித்தான் நிற்பார்கள், பயந்தாலும் இப்படித்தான். பின்வரிசையில் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறான். நான் அவனை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. உங்களுக்கு அவள் தெரிகிறாள். அவள் உறைந்து நிற்கிறாளா, நடுங்குகிறாளா என்று பார்த்துச் சொல்லுங்கள்.