ஒரே மெயில் ஐடி

சுருட்டி வைத்திருந்த மெத்தைக்குள் கையை விட்டு, அப்பாவின் போனைத் துழாவிக்கொண்டிருந்தான் ஜெர்சன். காதில் இருந்த அவனுடைய போனில் பிளக்ஸ் கடை சுருளி அவசரப்படுத்தினான்.

"அண்ணே, போஸ்டருக்குப் போட்டோ இன்னும் வரலயே. நாலு மணிக்கு அடக்கம்ங்கிறீக. இப்ப அனுப்புனாத்தான் பழங்காநத்தம் பூரா ஒட்ட முடியும். லிங்க் ஒண்ணு விட்டிருக்கேன், அதுல ஏத்திவிடுங்க."

"அப்பா போன்லதான் நல்ல படம் இருக்கு. அதுக்கு அந்த லிங்க்க அனுப்பி, அங்கயிருந்தே ஏத்துறேன். அஞ்சு நிமிசம்."

முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா மைக்கேல்ராஜ் படுத்திருந்தார். மிஷன் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க். விடிகாலையில் மனைவி தெரசா கஞ்சி வைக்கப் போன நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. கல்லீரலில் புற்று என்று தெரிந்து நாலு மாதம் ஆகிறது. தெரிந்தது என்றால் மகனுக்கும் மனைவிக்கும். அவரிடம் மஞ்சள்காமாலை என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததுமே தெரசா மகன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அது. "அப்பாகிட்ட சொல்லிறாதப்பா. வியாதி கொல்றதுக்கு முந்தி பயமே கொன்னுரும்." அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆஸ்பத்திரி பைல் பீரோ மேலே போனது. பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, என்ன பேசக் கூடாது என்று சொல்லி உள்ளே விட்டார்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக்கூடக் கூப்பிடவில்லை. அப்பா காலத்து ஆட்களுக்கு அதன் பேர் இன்னும் 'அவஸ்தை'தான், சாகப்போகிறவருக்குப் பூசுகிற கடைசி நேரத்து எண்ணெய். சாமியார் எண்ணெய்க் குப்பியோடு வாசலேறினால் பச்சைப்பிள்ளைக்கும் விளங்கிவிடும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்கள்.

இப்போது துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தெரசா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாமத்தான் போனாரு. அந்த மட்டுக்கும் ஆண்டவர் எரக்கம் வச்சாரு." சொல்லச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

போன் கிடைத்தது. பூட்டு இல்லாத போன். "எனக்கு என்னடா ரகசியம் இருக்கு?" என்பார் அப்பா. ஜெர்சன் அதற்கு நேர்மாறு. கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கண்ட ஆப்புக்கும் அனுமதி கொடுக்காதே, கண்ட இடத்தில் நம்பர் கொடுக்காதே என்று தெருவுக்கே பாடம் எடுப்பவன். அவன் போனில் ஒரு விளம்பரம் ஈயாகக்கூட நுழைய முடியாது. ஆனால் அப்பாவுக்குப் போன் வாங்கியபோது அவரிடம் மெயில் ஐடி இல்லை. கடையில் கூட்டம். தன்னுடையதையே போட்டுக் கொடுத்துவிட்டான், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. ஊருக்குத்தான் உபதேசம்.

லிங்க்கை ஒட்டுவதற்காகத் தேடும் கட்டத்தைத் தொட்டான். பழைய தேடல்கள் வரிசையாகக் கீழே இறங்கின.

பிரீசர் பாக்ஸ் வாடகை பழங்காநத்தம்.

நேற்று மாலை டாக்டர் கையை விரித்த பிறகு, அவன் தன் போனில் தேடியது. அதன் கீழே, கல்லீரல் புற்று நாலாம் நிலை எத்தனை நாள். அதன் கீழே, கடைசி நாள் அறிகுறிகள். எல்லாம் அவன் திரும்பத் திரும்பத் தேடியவை; ஒரே ஐடி என்பதால் இங்கேயும் வந்திருந்தன. வீடியோவைத் திறந்தால் வரிசையாகப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகள், மொட்டைத் தலைகள், அழுகிற மனைவிகள். அவன் தன் போனில் கதவடைத்த அத்தனையும் அப்பாவின் போனில் வந்து உட்கார்ந்திருந்தன.

ஒருவேளை பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டேதான் மொத்தப் பட்டியலையும் தேதியோடு திறந்தான்.

அவன் தேடாதவையும் அதில் இருந்தன. அப்பாவுக்குத் தமிழில் தட்டத் தெரியாது. மைக்கை அழுத்திப் பேசுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால்: மஞ்சக்காமாலைக்கு நாலாம் நிலைன்னு இருக்கா.

மறுநாள்: மகன் தேடுறது என் போன்ல ஏன் வருது.

பிறகு வெகுநாள் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் அவர் இவர்கள் கொடுத்த கீழாநெல்லிச் சாற்றை முகம் சுளிக்காமல் குடித்தார். "மஞ்சள் எறங்கிருச்சு போலடா" என்று கண்ணை விரித்துக் காட்டினார்.

முந்தாநாள்: அவஸ்தை வாங்காமச் செத்தா மோட்சம் உண்டா.

நேற்று, பிற்பகல் மூணே கால்: வீட்டாளுகளுக்குத் தெரியாம சாமியார வரச்சொல்ல முடியுமா.

மூணே காலுக்கு ஜெர்சன் அடுத்த அறையில் இருந்தான். அப்பா முணுமுணுப்பது கேட்டது. ஜெபம் சொல்கிறார், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று கதவைச் சாத்தினான். இதே பட்டியல் அவன் போனிலும் இருந்திருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் போதும். பீரோவில் சாய்ந்துகொண்டான்.

"ஜெர்சா, சாமி வந்துட்டாரு. வாப்பா." முன்னறையிலிருந்து தெரசா கூப்பிட்டாள்.

பங்குச் சாமியார் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்து பூசியிருப்பேனேம்மா. பத்து நிமிசத் தூரம்தானே."

தெரசா குன்றிப்போனாள். "சீக்கு இன்னதுன்னே அவருக்குத் தெரியாது சாமி. உங்களப் பார்த்தா தெரிஞ்சுபோயிருமேன்னுதான்... தப்புத்தான். ஆனா நிம்மதியாப் போனாரு." மகன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

அப்பாவின் போன் அவன் கையில்தான் இருந்தது. திரை இன்னும் அணையவில்லை.

"இப்பப் பூச முடியாதா சாமி?" என்று கேட்டான்.

"உயிர் போனபிறகு அது கிடையாதுப்பா. ஜெபிக்கத்தான் முடியும்."

தெரசா இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா," என்றான் ஜெர்சன். "அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

சாமியார் ஜெபத்தை ஆரம்பித்தார். முடித்துத் தீர்த்தம் தெளித்தபோது பெட்டியின் மூடியைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் நெற்றிக்கு நேர் மேலே கண்ணாடியில் நாலைந்து துளிகள் நின்றன. முகம் மறைகிறதே என்று தெரசா முந்தானையால் அவற்றைத் துடைத்துவிட்டாள்.