என் அக்காளின் முகப்பூச்சு பற்றி நல்லவிதமாக ஒரு கதை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் மகள். இல்லை, என் அக்காள் கலக்கித் தந்த முகப்பூச்சு. அதுவும் முழு உண்மையல்ல. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதச் சொல்லி மகள் கேட்டு, நான் எழுத மறுத்த இரண்டு வரிகள்தான் காரணம்.

“அத்தையோட மாஸ்க் என் முகத்தைப் புண்ணாக்கிடுச்சு, யாரும் போடாதீங்க. இவ்வளவுதாம்ப்பா. நான் எழுதினா வாயாடின்னுவாங்க. நீங்க எழுதினாத்தான் நம்புவாங்க.”

இரண்டு வரியில் எழுதினால் எல்லோரும் படித்துவிடுவார்கள், மானம் கப்பலேறும். கதையாக எழுதினால் சொந்தக்காரர் ஒருவரும் படிக்க மாட்டார். ஆகவே, வாசகரே, உட்காருங்கள்.

2

முதல் தொடக்கம்: எங்கள் பரம்பரையில் யாருக்கும் முகத்தில் பரு வந்ததே

(நிறுத்திவிட்டேன். மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள்.)

இரண்டாம் தொடக்கம்: யாரோ ஒருவர் வீட்டுப் பெண், மென்மையான சருமம் உடையவள், ஒருநாள்

“யாரோ வீட்டுப் பொண்ணா? அப்போ என் மூஞ்சியில இருக்கறது யாரோட தோலுப்பா?”

அதையும் அடித்தாயிற்று. நடந்ததையே சொல்கிறேன். என் மகளுக்கு எதைத் தடவினாலும் சிவக்கும் தோல். கன்னத்திலும் தாடையிலும் ஓயாமல் பரு. அக்காள் தீர்ப்பளித்தாள்: எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பட்டைத்தூள், கொஞ்சம் தேன். எல்லாம் இயற்கை. (அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. “தேள்கூட இயற்கைதான்” என்று மகள் முனகியதை நான் இங்கே சேர்க்கவில்லை.)

பூசிய சற்று நேரத்தில் மகள் துள்ளினாள்.

“அத்தை, எரியுது!”

“எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். உங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், தொட்டதுக்கெல்லாம் கத்துவான். ஆடாம உட்காரு.”

பக்கத்து அறையில் நான் குழுவில் எழுதிக்கொண்டிருந்தேன்: ‘அக்காளின் கைவண்ணம் அபாரம். மகளின் முகம் பளிங்காகிவிட்டது.’ முகம் கழுவுவதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவது எங்கள் குடும்பப் பண்பு. கழுவிப் பார்த்துவிட்டுப் பாராட்டுவது சந்தேகப் பிராணிகளின் வேலை.

3

கழுவியபோது முகம் சற்றே சிவந்து

கழுவியபோது முகத்தில் ஓரளவு மாற்றம்

(மகள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த வரி அவளுடையது.)

வெந்துபோச்சு. தோல் உரிஞ்சுது.

அவள் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில் நிற்பவள். மேலாளர் மிகுந்த மரியாதையோடு, முகம் தேறும்வரை படுக்கை விரிப்புகளை மடிக்கும் பின்னறைக்கு அவளை அனுப்பிவிட்டார். தோல் மருத்துவர், எலுமிச்சையும் சோடாவும் இந்தத் தோலுக்கு ஆகவே ஆகாது என்றார். எதுவானாலும் முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம்.

[அடிக்குறிப்பு மாதிரி: எங்கள் குடும்பத்தில் காது இதுவரை பெரியவர்கள் சொல்வதைக் கேட்க மட்டுமே பயன்பட்டு வந்தது.]

மகள் போய் அக்காளிடம் முகத்தைக் காட்டினாள். அக்காள் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றி நிதானமாகப் பார்த்தாள்.

“மாஸ்க் மேல தப்பே இல்ல. இது அவ அம்மா வீட்டுத் தோலு.”

அப்போது என் மனைவி அடுக்களையில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவரும் திறமை எனக்கில்லை.

4

மகள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். முடிவுகள் கைவசம் உள்ளன.

அ) முகம் மருந்தில் ஆறுகிறது. அக்காள், “பாத்தியா, என் மாஸ்க் மெதுவாத்தான் வேலை செய்யும்” என்கிறாள். பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

ஆ) அக்காள் மன்னிப்புக் கேட்கிறாள். மாயாஜாலக் கதை எனக்கு எழுத வராது.

இ) நான் அந்த இரண்டு வரிகளைக் குழுவில் எழுதுகிறேன். அக்காள் குழுவை விட்டு வெளியேறுகிறாள். அவள் பின்னாலேயே

வாக்கியம் முடியவில்லை. போன் அடித்தது. தம்பி மகள். அவளுக்கும் இதே தோல், இதே பரு.

“பெரியப்பா, அத்தை சொன்ன மாஸ்க்கைக் கலக்கிட்டு இருக்கேன். அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு பாத்தா போனே எடுக்கல.”

“அவ வேலைக்குப் போயிருக்கா.” எந்த அறையில் என்று சொல்லவில்லை.

“பரவால்ல, நீங்கதான் பளிங்குன்னு போட்டிருந்தீங்களே. நாளைக்குக் காலேஜ்ல போட்டோ எடுக்கறாங்க பெரியப்பா. இந்த ஒரு தடவையாவது முன்வரிசையில நிக்கணும். பூசலாம்ல?”

தொண்டையைச் செருமினேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அம்மாடி, உங்க அத்தை கைராசி இருக்கே...” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாக்கியம் எந்தப் பக்கமும் நகரவில்லை.

“பெரியப்பா? லைன்ல இருக்கீங்களா?”

வாசகரே, நான் இந்தக் குடும்பத்துக்கு மூத்த ஆண்மகன்; என்னால் இதைச் சொல்ல முடியாது. நீங்கள் வெளியாள். என் அக்காள் உங்களை என்ன செய்துவிட முடியும்? இந்தாருங்கள், போனைப் பிடியுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் கிண்ணத்தில் கரண்டி சுற்றும் சத்தம் நின்றுவிட்டது.